சுனாமி மறுவாழ்வு வீடமைப்புக் கொள்கை (தமிழ்நாடு)

சுனாமி மறுவாழ்வு வீடமைப்புக் கொள்கை என்பது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் (சுனாமி) வீடிழந்த கரையோர மக்களுக்கு நிலையான வீடுகள் கட்டித் தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 2005ஆம் ஆண்டில் வகுத்த கட்டுமானக் கொள்கையாகும். கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் வீடு அமைய வேண்டும், அதன் பரப்பும் செலவும் என்ன, கட்டுவோர் யார், உரிமை யார் பெயரில் இருக்கும் என்பவை இக்கொள்கையின் முதன்மைக் கூறுகள். இதன்கீழ்த் தமிழகக் கரையோரத்தில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன.

வளரும் நாடொன்றில் அரசாணையாகப் பிறக்கும் கட்டுமானக் கொள்கை, களத்தில் வீடாக மாறும்போது எவ்வாறு உருமாறுகிறது என்பதற்கு இது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இக்கட்டுரை கொள்கையை விளக்கி, விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் – கூனிமேடு கரை போன்ற உப்புச் சார்ந்த நிலப்பகுதியில் அதை நடைமுறைப்படுத்தும்போது எழும் சிக்கல்களை எடுத்துரைக்கிறது.

பின்னணி

சுமாத்திராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அன்று காலையே தமிழகக் கரையைத் தாக்கியது. மாநிலத்தில் சுமார் 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தினர். விழுப்புரம் மாவட்டத்தின் கரை குறுகியது. அங்கு உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவாக இருந்தபோதிலும் மீனவக் குப்பங்களில் வீடுகளும் படகுகளும் வலைகளும் பெருமளவில் சேதமடைந்தன.

முதற்கட்டமாகத் தார்த் தாள், தென்னங்கீற்று முதலியவற்றைக் கொண்டு தற்காலிகக் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. கோடை வெப்பமும் மழைநீர்த் தேக்கமும் தீ விபத்து அச்சமும் இவற்றில் நெடுங்காலம் வாழ இயலாதவாறு செய்தன. எனவே நிலையான வீடுகளை விரைந்து கட்ட வேண்டிய நெருக்கடி அரசுக்கு ஏற்பட்டது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் 2005ஆம் ஆண்டில் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட பகுதிகளின் மறுசீரமைப்புக்கு நிதியுதவி வழங்க ஒப்புதல் அளித்தன. இவற்றோடு ஏராளமான அரசு சாரா நிறுவனங்களும் வீடு கட்ட முன்வந்தன.

கொள்கையின் கூறுகள்

வருவாய்த் துறை வெளியிட்ட இரண்டு அரசாணைகள் இக்கொள்கைக்கு அடிப்படையாகும்.

2005 ஜனவரி 13ஆம் நாளிட்ட அரசாணை, வீடு கட்டும் பணியில் அரசு சாரா நிறுவனங்களையும் தனியார் நிறுவனங்களையும் பங்காளிகளாக ஏற்றது. குறைந்தது 50 வீடுகளை அல்லது 75 இலட்சம் ரூபாய்ச் செலவை ஏற்க வல்ல நிறுவனங்கள் மாவட்ட ஆட்சியருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நிலத்தை அரசு வழங்கும். வீட்டை நிறுவனம் கட்டும்.

2005 மார்ச் 30ஆம் நாளிட்ட அரசாணை எண் 172, யார் எங்கே வீடு பெறுவர் என்பதை வரையறுத்தது. அதன் முதன்மை விதிகள் வருமாறு:

• உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீட்டின் உரிமையாளர், 200 மீட்டருக்கு அப்பால் செல்ல இசைந்தால் 1.5 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீட்டை இலவசமாகப் பெறலாம்.
• அப்பால் செல்ல விரும்பாதவர் இருந்த இடத்திலேயே தம் செலவில் வீட்டைப் பழுது பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு அரசின் உதவி கிடையாது.
• புதிய வீட்டை ஏற்பவர் பழைய மனையையும் வீட்டையும் சட்டப்படி செல்லத்தக்க ஆவணத்தின் மூலம் அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

வீடு சுமார் 300 முதல் 325 சதுர அடிப் பரப்பில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றோடு அமைய வேண்டும் என்றும், உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்க வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. பெண்களுக்கு வீட்டில் சட்டப்படியான பங்களித்த இவ்விதி கொள்கையின் குறிப்பிடத்தக்க சிறப்பாகும். நிலநடுக்கம், புயல் ஆகியவற்றைத் தாங்கும் கட்டுமானத்துக்கான தொழில்நுட்ப வழிகாட்டி நெறிகளும் வெளியிடப்பட்டன.

200 மீட்டர் எல்லை

200 மீட்டர் என்ற அளவு ஆழிப்பேரலைக்குப் பின் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் நடுவண் அரசு 1991 பிப்ரவரி 19 அன்று வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. அவ்வறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரையுள்ள பகுதியை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தியது. ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டர் புதிய கட்டுமானங்களுக்கு விலக்கப்பட்ட பகுதியாயிற்று. ஏற்கெனவே உள்ள, ஏற்பு பெற்ற கட்டடங்களைப் பழுது பார்க்கத் தடையில்லை. 200 முதல் 500 மீட்டர் வரை, மீனவர் ஊர்கள் போன்ற மரபுவழிக் குடியிருப்புகளில் வீடு கட்ட இடமளிக்கப்பட்டது.

உயர் அலைக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி வரும் பேரோதத்தின்போது கடல்நீர் நிலத்தில் எட்டும் மேல் எல்லை ஆகும். இக்கோடு தரையில் எங்கும் வரையப்பட்டிருப்பதில்லை, வரைபடத்தில்தான் உள்ளது. கடற்கரை மேலாண்மைத் திட்டங்களுக்கு 1:25,000 அளவுள்ள வரைபடங்கள் பயன்படுத்தப்பட்டன. இத்தகைய வரைபடத்தில் 200 மீட்டர் என்பது 8 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 25 மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். ஒரு குப்பத்தில் அந்த 25 மீட்டருக்குள் ஒரு தெருவே அடங்கும். ஆகவே ஒரு குடும்பம் இலவச வீட்டுக்கு உரியதா, எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பது கோடு எவ்வாறு தரைக்கு இறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

பின்னர் இவ்விதிகள் மாற்றம் பெற்றன. 2011 ஜனவரி 6 அறிவிக்கை, ஊரகக் கரைகளில் 100 முதல் 200 மீட்டர் வரையிலான பகுதியில் மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கரையோர மக்களுக்கு வீடு கட்ட வழி செய்தது. 2019 ஜனவரி 18 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் விலக்கப்பட்ட பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. அடர்த்தி குறைந்த பகுதிகளில் 200 மீட்டர் நீடித்தது. 2005ஆம் ஆண்டில் குடும்பங்களை இடம்பெயரச் செய்த எல்லை, பிற்காலத்தில் சில கரைகளில் அதே அளவில் நீடிக்கவில்லை என்பது கருதத்தக்கது.

கூனிமேடு கரையின் நில அமைப்பு

கூனிமேடு, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஊராட்சி ஒன்றியத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த கரையோர ஊராகும். கரையை ஒட்டி மீனவக் குப்பம் உள்ளது. வடக்கே மரக்காணத்தில் பரந்த உப்பளங்களும், மேற்கே கழுவேலி என்னும் பெரிய சதுப்பு ஏரியும் உள்ளன. கழுவேலி 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வமைப்பு வீடமைப்புக் கொள்கைக்கு ஒரு குறுக்குக் கேள்வியை எழுப்புகிறது. "கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால்" என்று ஆணை கூறுகிறது. இக்கரையில் அந்த அப்பாலில் இருப்பவை மணல்மேடு, சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, நெடுஞ்சாலை ஆகியவை. அவற்றுக்கும் மேற்கே சில இடங்களில் உப்பளம் அல்லது சதுப்பு நிலம். மணல்மேடு புயலலையைத் தடுக்கும் இயற்கை அரண். அதைச் சமன்படுத்தி மனை பிரித்தால் பாதுகாப்புக்காக எடுத்த முயற்சியே பாதுகாப்பைக் குறைக்கும். தாழ்ந்த நிலத்தைத் தேர்ந்தால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் தேங்கும். தோப்புகள் பெரும்பாலும் பட்டா நிலங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்ட பின் அவற்றின் விலை பெரிதும் உயர்ந்துவிட்டது.

நடைமுறைப்படுத்தல்

நிலம்

கொள்கை வகுத்த ஆண்டில் நிலம் எடுப்பு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபெற்றது. புறம்போக்கு நிலம் கிடைத்த ஊர்களில் பணி விரைந்தது. பட்டா நிலத்தை விலைக்கு வாங்கவோ கையகப்படுத்தவோ வேண்டியிருந்த ஊர்களில் காலம் தாழ்ந்தது. கட்டுமானத்திற்குப் பணம் ஆயத்தமாக இருந்தும் மனை ஆயத்தமாக இல்லாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. சென்னை மீனவக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் கடலிலிருந்து தொலைவில் உள்ள செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டமை இதன் கடைக்கோடி எடுத்துக்காட்டாகும்.

மீனவருக்குத் தொலைவு என்பது வெறும் நடை அன்று. கடலின் நிறம், காற்றின் திசை, நீரோட்டம் ஆகியவற்றைக் கரையில் நின்று பார்த்தே தொழிலுக்குப் போவதா என்று முடிவு செய்கின்றனர். படகும் எந்திரமும் வலையும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மீனைக் கரையில் ஏலம் எடுத்து விற்கும் பெண்களுக்கு வீட்டுக்கும் கரைக்கும் இடையே ஒரு நாளில் பலமுறை சென்றுவர வேண்டியுள்ளது.

பயனாளிகள் பட்டியல்

சேதமடைந்த வீடு ஒன்றுக்குப் புதிய வீடு ஒன்று என்பதே பொது நெறி. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பெற்றோரும் மணமான பிள்ளைகளும் ஒரு குடும்பமா, இரு குடும்பங்களா என்பது ஊர்தோறும் வழக்காயிற்று. கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடும் ஊர்ப் பஞ்சாயத்தின் வரிப் பட்டியலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வாடகைக்குக் குடியிருந்தோர், பட்டா இல்லாதோர் ஆகியோரின் நிலையும் தெளிவற்றிருந்தது.

நிவாரண ஏற்பாடுகள் தொடக்கத்தில் கடல் மீனவரையே மையமாகக் கொண்டிருந்தன. உப்பளத் தொழிலாளர், வேளாண் கூலிகள், கழிமுகங்களில் மீனும் இறாலும் பிடிக்கும் இருளர், தலித் மக்கள் ஆகியோர் விடுபட்டமை பல ஆய்வுகளிலும் கள அறிக்கைகளிலும் சுட்டிக்காட்டப்பட்டது. உப்பளத் தொழிலாளி பாத்திக்கு உரிமையாளர் அல்லர். எனவே பாத்தி சேறடைந்து வேலை போனாலும் இழப்புப் பட்டியலில் அவருக்குக் காட்ட ஆவணம் இல்லை.

கட்டுமானப் பொருட்கள்

கரையோர மக்களின் பழைய வீடுகள் பெரும்பாலும் மண்சுவரும் கீற்று அல்லது பனையோலைக் கூரையும் கொண்டவை; வசதியுள்ளோர் ஓட்டு வீடுகளிலும் வாழ்ந்தனர். திண்ணையிலும் மர நிழலிலும் வலை பழுதுபார்த்தல், மீன் உலர்த்தல், ஊர்ப் பேச்சு ஆகியவை நடைபெற்றன. புதிய வீடுகள் ஏறத்தாழ அனைத்தும் தட்டையான கான்கிரீட் கூரையும் ஒரே வரிசையும் கொண்டு அமைந்தன. பல இடங்களில் மனை சமன்படுத்துவதற்காக நிழல்மரங்கள் வெட்டப்பட்டதையும், நல்ல நிலையிலிருந்த பழைய வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும் செனிபர் டுயின் பாரென்ஸ்டைன் முதலிய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கான்கிரீட் வீட்டை மக்களே விரும்பிக் கேட்டனர் என்பதும் உண்மை. தீக்கும் புயலுக்கும் அஞ்சாத கூரை அவர்களின் நெடுநாள் வேண்டுகோள்.

கான்கிரீட்டின் நிலைப்பு கரையோரத்தில் தனிக் கவனம் வேண்டுவது. இந்தியத் தரநிலை 456 (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் 'கடுமை' என்னும் வகையிலும், கடல்நீர்த் துளிகள் நேரடியாகப் படுவதை 'மிகக் கடுமை' என்னும் வகையிலும் சேர்க்கிறது. அதன்படி வேண்டப்படுவன:

• கடுமை வகைக்கு எம் 30, மிகக் கடுமை வகைக்கு எம் 35 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்.
• கம்பியைச் சூழ்ந்த கான்கிரீட் மறைப்பு முறையே 45, 50 மில்லிமீட்டர்.
• இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டைக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல்.
• சாதாரண சிமென்ட் எனில் குறைந்தது 7 நாட்கள் நீராற்றல்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. ஆகவே குளோரைடு அறவே இல்லாத நூறு குடம் நல்ல நீரில் மூன்று குடம் கடல்நீர் கலந்தாலே மேற்கூறிய எல்லை மீறப்படும். உப்பு ஊறிய கிணறுகள் உள்ள கரையில் கட்டடத்துக்கு நல்ல நீரை வண்டியில் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரே சீரான 1.5 இலட்சம் ரூபாய் மதிப்பீட்டில் தனியே காட்டப்படவில்லை. ஆற்று மணலையும் தொலைவிலிருந்தே கொண்டுவர வேண்டும். கடற்கரை மணலைக் கலந்தால் உப்பு கான்கிரீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும்.

உப்பின் செயற்பாடு மெதுவானது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. குளோரைடு அதை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் உள்ளிருந்து அழுத்தி மேற்பூச்சைப் பெயர்க்கிறது. வழக்கமான வீடுகளைப் போலக் கூரைக் கம்பிக்கு 15 அல்லது 20 மில்லிமீட்டர் மறைப்பு மட்டும் விடப்பட்டால், வெளியே குறை ஏதும் தெரியாமலேயே சில ஆண்டுகள் கழியும். பிறகு கூரையின் அடிப்பக்கத்தில் கம்பியின் போக்கிலேயே வெடிப்பு காணப்படும். வீடு ஒப்படைக்கப்படும் நாளில் எந்த ஆய்வாளரும் இதைக் கண்ணால் காண இயலாது. கம்பி கட்டும்போதும் கான்கிரீட் இடும்போதும் உடனிருந்து பார்ப்பது ஒன்றே வழி.

மேற்பார்வையும் காலக்கெடுவும்

மேற்பார்வைப் பொறுப்பு மாவட்ட நிர்வாகம், கட்டும் நிறுவனம், அதன் ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் எனப் பலரிடம் பிரிந்திருந்தது. ஒரே காலத்தில் கரையெங்கும் வேலை தொடங்கியதால் செங்கல், கம்பி, கொத்தனார் ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலையும் கூலியும் உயர்ந்தன. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய காலக்கெடு ஒருபுறமும், வீடுகளின் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டிய அரசின் தேவை மறுபுறமும் விரைவை வலியுறுத்தின. குடியிருக்கப் போகும் குடும்பம் பணியிடத்தில் பார்வையாளராக மட்டுமே இருந்த ஊர்களில், கூரையில் பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தப்பட்டதா என்று கேட்க உரிமையுள்ளவர் அங்கு இல்லை. நாகப்பட்டினத்தில் அரசு சாரா நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையமும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மக்களின் கருத்தை வடிவமைப்பில் சேர்க்க மேற்கொண்ட முயற்சிகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன.

பழைய மனையை விட்டுக்கொடுத்தல்

கொள்கையின் மிகவும் விவாதிக்கப்பட்ட கூறு இதுவே. வீட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதும் கரை நிலத்தின் உரிமையைக் கைவிடுவதும் ஒரே கையெழுத்தில் இணைக்கப்பட்டன. குப்பங்களில் கரை நிலம் பெரும்பாலும் தனித்தனிப் பட்டாவாக இராது. வலை உலர்த்தும் திடல், படகு ஏற்றும் இடம், கோயில் முன்றில் ஆகியவை ஊருக்குப் பொது. வீடுகள் அங்கிருக்கும் வரை இப்பொதுநிலம் மீனவருடையது என்பது யாரும் எழுதாமலே நிலவிய உண்மை. வீடுகள் அகன்றால் அவ்வுண்மைக்குச் சான்று குறையும். சுற்றுலா விடுதிகளும் பிற தொழில்களும் அவ்விடத்துக்கு வரக்கூடும் என மீனவ அமைப்புகள் அஞ்சின. இதனால் பல குடும்பங்கள் புதிய வீட்டைப் பெற்றபின்னும் பழைய இடத்தைக் கொட்டகையாகவோ வலைக் கிடங்காகவோ பயன்படுத்தி வந்தன. இதை விதிமீறல் என்று பார்ப்பதைவிட, இரண்டு தேவைகளுக்கு ஒரே இடத்தைத் தந்த கொள்கைக்கு மக்கள் செய்துகொண்ட திருத்தம் எனக் கொள்ளலாம்.

பிற நாடுகள், மாநிலங்களுடன் ஒப்பீடு

குசராத்: 2001 ஜனவரி 26 பூச் நிலநடுக்கத்திற்குப் பின் மாநில அரசு பெருமளவில் வீட்டு உரிமையாளரே கட்டும் முறையைப் பின்பற்றியது. உதவித்தொகை தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. ஒவ்வொரு தவணையும் பொறியாளரின் சான்றோடு இணைக்கப்பட்டது. பெரும்பான்மை மக்கள் இருந்த இடத்திலேயே வீடு கட்டினர்.

இலங்கை: ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டரும் இடைவெளி வலயமாக அறிவிக்கப்பட்டன. வலயத்துக்கு வெளியே முழுதும் சேதமடைந்த வீட்டுக்கு 2,50,000 இலங்கை ரூபாயும் பகுதியளவு சேதத்துக்கு 1,00,000 ரூபாயும் வழங்கி உரிமையாளரே கட்டும் முறை பின்பற்றப்பட்டது. வலயத்துக்கு உள்ளிருந்தோருக்கு மாற்று நிலம் கண்டு நன்கொடையாளர் மூலம் கட்டுவது தாமதமாயிற்று. நிலத் தட்டுப்பாட்டினால் வலயத்தின் அளவு பின்னர் தளர்த்தப்பட்டது.

தமிழ்நாட்டில் நிறுவனங்களும் ஒப்பந்ததாரரும் கட்டும் முறை மேலோங்கியது. இதன் நன்மை, கையில் காசில்லாத குடும்பமும் முழுமையான வீட்டைப் பெற்றது. குறை, வீட்டைப் பேணும் அறிவும் பொறுப்பும் குடும்பத்திடம் வந்துசேரவில்லை.

பிற்காலத் திட்டங்கள்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இதே கரையின் குடிசைகளை அழித்தது. அதன்பின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசைகளுக்கு மாற்றாகக் கான்கிரீட் வீடுகள் கட்டும் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், 2016 முதல் செயற்படும் பிரதமரின் ஊரக வீடமைப்புத் திட்டம், 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் ஆகியவற்றில் பயனாளியே வீட்டைக் கட்டிக்கொள்ளத் தவணை முறையில் பணம் தரும் வழி முதன்மை பெற்றது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடொன்றின் மதிப்பு 3.5 இலட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், இக்கரையில் உறுதியான கூரையின் தேவையை மீண்டும் உணர்த்தியது.

2011, 2019 கடற்கரை அறிவிக்கைகள், மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கணக்கிட்டு மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் எனக் கூறுகின்றன. பெருகும் குடும்பங்களுக்கு மனை எங்கே என்னும் வினாவுக்கு விடை அத்திட்டங்களில்தான் அமைய வேண்டும்.

மதிப்பீடு

சில ஆண்டுகளுக்குள் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்ததும், பெண்களுக்குக் கூட்டு உரிமை அளித்ததும் இக்கொள்கையின் உறுதியான பயன்கள். தொலைவு, பரப்பு, செலவு, எண்ணிக்கை ஆகிய அளக்கக்கூடியவற்றைக் கொள்கை தெளிவாக வகுத்தது. நிலம் யாருடையது, பட்டியலில் யார் பெயர், கலக்கும் நீர் எது, கம்பிக்கு மறைப்பு எவ்வளவு, படகு எங்கே நிற்கும் ஆகியவற்றைப் பெரும்பாலும் களத்துக்கு விட்டுவிட்டது. வீட்டின் ஆயுளையும் அதில் வாழ்வோரின் தொழிலையும் பின்னவையே தீர்மானித்தன.

கூனிமேடு போன்ற கரைகளுக்கு இதிலிருந்து பெறக்கூடிய நடைமுறைப் பாடங்கள் சில: எல்லைக் கோட்டை ஊரார் முன்னிலையில் கல் நட்டுக் காட்டுதல், உப்புநிலத்துக்குரிய நல்ல நீர், மணல், கூடுதல் மறைப்பு ஆகியவற்றின் செலவை மதிப்பீட்டிலேயே தனியே சேர்த்தல், குடியேறும் குடும்பத்துக்குக் கட்டும்போதே மேற்பார்வை உரிமை அளித்தல், வீட்டு மனையைப் பெறுவதற்குக் கரையின் பொதுநிலத்தை விலையாகக் கேளாதிருத்தல்.

இவற்றையும் பார்க்க

• 2004 இந்தியப் பெருங்கடல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும்
• கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்
• மரக்காணம்
• கழுவேலி
• தானே புயல்